ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தடுப்பூசி விட்டுப்போகாமல் இருக்க: வேலையை எந்த வரிசையில் செய்வது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதிதாகக் களத்துக்கு வரும் செவிலியர்களும் தன்னார்வலர்களும் எடுத்தவுடன் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "ஊசி வேணாம்னு சொல்றவங்ககிட்ட எப்படிப் பேசறது அக்கா?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது ஆறாவது வேலை. ஊசி விட்டுப்போன வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், வேண்டவே வேண்டாம் என்று நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், முதல் ஊசிக்கு வந்த காய்ச்சலில் பயந்தவர்கள், ஒருநாள் கூலியை விட முடியாதவர்கள்தான் மிச்சப் பேர். இவர்களிடம் போய்த் தடுப்பூசியின் அவசியம் பற்றிப் பேசினால், தலையை ஆட்டிவிட்டு, ஊசி போடும் நாளான அடுத்த புதனும் வர மாட்டார்கள். அதனால் முதலில் பட்டியல், பிறகு காரணம், அதற்கப்புறம்தான் பேச்சு.

1. தெருவில் இறங்குமுன்

நீங்கள் தன்னார்வலர் என்றால் முதலில் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். எந்தப் புதன் எந்த இடத்தில் ஊசி போடுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் ஒரு தேதி சொல்லி, தாய் குழந்தையோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

கையில் வேண்டியவை: ஒரு நீள நோட்டு, பென்சில் (தேதிகள் மாறும், பேனா வேண்டாம்), ஒரு காலண்டர், மாதிரிக்கு ஒரு தாய் சேய் நல அட்டை, செவிலியர் எண், ஆரம்ப சுகாதார நிலைய எண். துண்டுப் பிரசுரக் கட்டு தேவையில்லை. அதைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்தாலே ஏதோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்துகிறார்கள்.

ஒரு எல்லைக்கோடு: செவிலியராகவோ மருத்துவராகவோ இல்லாதவர் மருந்தின் அளவு சொல்லக் கூடாது, இந்தக் குழந்தைக்குப் போடலாம், போடக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லக் கூடாது.

2. அட்டவணையை ஊர்ப் பேச்சில் படியுங்கள்

"பென்டாவேலன்ட் முதல் தவணை" என்றால் எந்தத் தாய்க்கும் புரியாது. "45 நாள் ஊசி" என்றால் எல்லாருக்கும் புரியும். அரசு அட்டவணையை அப்படியே மனதில் வையுங்கள்.

பிறந்ததும்: பி.சி.ஜி. (காசநோய்க்கு), போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் தொற்றுக்கு). கடைசியில் சொன்னது 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயிடமிருந்து தொற்று வந்திருந்தால், தாமதித்துப் போடும் ஊசியால் அதைத் தடுப்பது கடினம்.

45 நாள் (6 வாரம்): ஐந்து நோய்க்கான பென்டா, நிமோனியாவுக்கான பி.சி.வி., தோலுக்குள் போடும் போலியோ ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு. மூன்று ஊசி, இரண்டு சொட்டு. தாய்மார் அதிகம் மிரள்வது இந்த நாளில்தான்.

75 நாள் (10 வாரம்): பென்டா, இரண்டு சொட்டுகள். ஒரே ஒரு ஊசி. 45 நாளில் மிரண்டுபோன தாயிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

105 நாள் (14 வாரம்): மீண்டும் மூன்று ஊசி, இரண்டு சொட்டு.

9 மாதம் முடிந்து: தட்டம்மை ரூபெல்லா முதல் தவணை, பி.சி.வி. ஊக்கத் தவணை, போலியோ ஊசி மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ. மூளைக்காய்ச்சல் பாதிப்புள்ள மாவட்டங்களில் ஜே.இ. ஊசியும் உண்டு.

16 முதல் 24 மாதம்: தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, டி.பி.டி. ஊக்க ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும்), போலியோ சொட்டு, வைட்டமின் ஏ, ஜே.இ. மாவட்டம் என்றால் அதன் இரண்டாம் தவணை. 5 வயது முடிந்தால் இன்னொரு டி.பி.டி.

பென்டா எதற்கு என்று கேட்டால் ஐந்தையும் சொல்லத் தெரிய வேண்டும்: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் கிருமி.

3. பதிவேட்டை மூடிவிட்டுத் தலையை எண்ணுங்கள்

என் முதல் வருடத்தில் பதிவேட்டைப் பார்த்தே பட்டியல் எழுதினேன். எல்லாக் கட்டத்திலும் டிக். ஏரிக்கரைக்குப் பின்னால் செங்கல் சூளையில் பதினோரு குடும்பங்கள் இருந்ததை மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோன ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்குப் பிறந்தபோது போட்டதைத் தவிர ஒன்றுமே போட்டிருக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத குழந்தை விட்டுப்போனதாகவும் கணக்கில் வராது. அதுதான் பதிவேட்டின் குறை.

தெருத் தெருவாக, ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, 2 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் எழுதுங்கள். பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, போன் எண், அட்டையில் கடைசியாகப் பதிந்த ஊசி. "போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லை எழுதாதீர்கள். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது பெரும்பாலும் பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கும், எடுத்துவரப் பொறுமை வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் யூ-வின் என்ற தேசியத் தடுப்பூசி இணையப் பதிவிலோ, கர்ப்பத்தைப் பதியும்போது தாய்க்குத் தரும் பிக்மி எண்ணை வைத்தோ செவிலியரால் தேட முடியும். பி.சி.ஜி. தழும்பு இடது தோளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தழும்பு இல்லை என்பதற்காக மட்டும் மறுபடி போட வேண்டியதில்லை.

பிறகு அங்கன்வாடிப் பட்டியலோடும் பிக்மி பட்டியலோடும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் இல்லாத இடங்களைத் தனியாகத் தேடிப் போக வேண்டும்: சூளை, கட்டடம் கட்டும் இடம், கோழிப்பண்ணைக் கொட்டகை, ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பவர்கள். வேறு மாநில அட்டையோடு வருபவர்களுக்கு அதே அட்டையில் தொடர்ந்து போடலாம். தேசிய அட்டவணை எல்லா மாநிலத்துக்கும் பொது.

எல்லாரும் கோட்டைவிடுவது தாய்வீட்டுப் பிரசவத்தை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் 45 நாள் ஊசியை இங்கே போட்டுக்கொள்வாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்குப் போவாள். இங்கே உள்ள செவிலியர் "அங்கே போட்டிருப்பாங்க" என்று நினைப்பார். அங்கே உள்ளவருக்கோ இந்தக் குழந்தை வந்திருப்பதே தெரியாது. பட்டியலில் இந்தக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, போகும் ஊரின் பெயரையும் எழுதுங்கள்.

4. தேதியை நாள் கணக்கில் போடுங்கள்

"அடுத்த மாசம் வாங்க" என்று சொல்வதுதான் பெரிய தவறு. ஒரு உதாரணம். குழந்தை பிறந்தது மார்ச் 14, வெள்ளிக்கிழமை. ஊர்ப் பேச்சில் 45 நாள் என்றாலும் கணக்கு 6 வாரம்தான். 42 நாள் சேர்த்தால் ஏப்ரல் 25, அதுவும் வெள்ளி. அதற்கடுத்த புதன் ஏப்ரல் 30. அன்று முதல் தவணை போட்டால் அடுத்தது மே 28, அதற்கடுத்தது ஜூன் 25. முதல் புதனைப் பிடித்துவிட்டால் மற்றவை நாலு நாலு வாரமாக அதுவாகவே வரும்.

6 வாரம் நிறையாமல் தொடங்கக் கூடாது. இரண்டு தவணைக்கு நடுவில் 4 வாரத்துக்குக் குறையக் கூடாது. ஏப்ரல் 23 ஆம் தேதி புதன், இரண்டு நாள்தானே குறைகிறது என்று கூப்பிட்டுவிட்டால், அங்கே போன தாயைத் திருப்பி அனுப்புவார்கள்.

இடைவெளி கூடிவிட்டால் கவலையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "இவ்வளவு நாள் தள்ளிட்டோம், இனிமே போனா திட்டுவாங்க" என்றே வராமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் சிலவற்றுக்கு வயது வரம்பு இருக்கிறது. பி.சி.ஜி. 1 வயது வரைதான். பென்டா தொடங்காமலே 1 வயது தாண்டிவிட்டால் அதற்குப் பதிலாக டி.பி.டி. போடுவார்கள். அதைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள்.

5. வீட்டுக்குப் போகுமுன் காரணத்தைப் பிரியுங்கள்

விட்டுப்போன ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: காய்ச்சல் பயம், வேலை, ஊர் மாற்றம், அட்டை இல்லை, தனியாரில் போட்டது, வீட்டில் சம்மதமில்லை, சளி.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வேலைக்குப் போகும் தாய்க்கு விளக்கம் வேண்டாம். காலை முதல் ஆளாக உட்காரவைத்து ஒன்பதரைக்குள் அனுப்ப ஏற்பாடு வேண்டும். தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் அந்தச் சீட்டைப் பார்த்துப் பதிவு செய்தால் போதும், குறைகூற வேண்டாம். "காசு குடுத்தா காய்ச்சல் வராத ஊசி இருக்காமே" என்று கேட்பார்கள். உண்மைதான். அதில் கக்குவான் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு. அரசு ஊசியில் கொல்லப்பட்ட முழுக் கிருமி இருக்கிறது. காய்ச்சல் கொஞ்சம் கூடுதல், பாதுகாப்பில் குறைவில்லை. பொய் சொல்லாமல் இப்படியே சொல்லுங்கள்.

"சளி" என்று எழுதிய பெயர்களைத் தனியாகப் பாருங்கள். லேசான சளி, இருமல், லேசான காய்ச்சல், எடை குறைந்து பிறந்தது, குறைமாதம் இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு. மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோய் இருந்தாலோ, முன்பு போட்ட ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோதான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். சளிக்குப் பயந்து திருப்பி அனுப்புவது தாய்மார் மட்டுமில்லை, நம் ஆட்களும்தான்.

6. இப்போது பேசலாம்

நேரம் பாருங்கள். காலையில் சமையல், பத்து மணிக்கு மேல் நூறு நாள் வேலை. மாலை ஐந்துக்கு மேல் போனால் தாய், மாமியார், சில நாள் கணவரும் இருப்பார்கள். தாயை மட்டும் சம்மதிக்கவைத்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பல வீடுகளில் முடிவெடுப்பது திண்ணையில் வெற்றிலை இடிக்கும் ஆயாதான்.

ஒரு தன்னார்வப் பெண்ணோடு நான் போன வீட்டில் நடந்தது. 75 நாள் ஊசிக்கு வரவில்லை. ஆயா எடுத்த எடுப்பில், "போன வாட்டி ஊசி போட்டு ராத்திரி பூரா கொயந்தை கத்திக்கினே கெடந்துச்சி. உங்க ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம், போங்கம்மா" என்றார்.

உடனே அந்தப் பெண், "ஆயா, ஊசி போடலன்னா தொண்டை அடைப்பான் வரும், கொழந்தை உசுருக்கே ஆபத்து" என்றாள். ஆயா எழுந்து உள்ளே போய்விட்டார். பேரனுக்குச் சாவு என்று வாசலில் நின்று சொன்னால் யார்தான் உட்கார்ந்து கேட்பார்கள்?

மறுநாள் நான் தனியாகப் போனேன். "ராத்திரி பூரா நீங்கதான் தூக்கி வெச்சிருந்தீங்களா ஆயா?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்ன யாரு? அவ கொயந்தை மாதிரி அழுவுறா. நான்தான் தோள்ல போட்டுக்கினு நடந்தேன்."

"காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து குடுத்தாங்களே, குடுத்தீங்களா?"

"எந்தச் சொட்டு மருந்து? யாரும் ஒண்ணும் சொல்லலியே."

அங்கே இருந்தது முடிச்சு. அந்தக் குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்ல யாரோ மறந்திருக்கிறார்கள். அது எங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டேன். "இந்த வாட்டி மருந்து கையில குடுத்துதான் அனுப்புவோம், ராத்திரி நானே போன் பண்றேன்" என்றேன். புதன்கிழமை ஆயாவே தூக்கிவந்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வரிசை: முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். அவர்கள் பட்டது உண்மை என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குமட்டும் பதில் சொல்லுங்கள், பத்து நோயின் பெயரை அடுக்காதீர்கள். முடிவில் தேதியும் நேரமும் சொல்லி எழுந்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் அது வாக்குவாதமாக மாறும்.

மகப்பேறு உதவித்தொகைத் தவணை நின்றுபோகும் என்று மிரட்டுவது சிலருக்குப் பழக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் குழந்தையின் தடுப்பூசியோடு இணைந்த தவணை இருப்பது உண்மை, தகவலாகச் சொல்லலாம். அதையே ஆயுதமாக்கினால், பணம் வந்த அன்றோடு உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் உறவு முடிந்துவிடும். ஒன்றரை வயது ஊசிக்குக் கதவு திறக்காது.

7. செவ்வாய் மாலை, புதன் காலை

செவ்வாய் மாலை பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால் அது யாருக்கோ வந்த செய்தியாகத்தான் தெரியும். எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணிக்கையைச் செவிலியரிடம் கொடுத்தால் குப்பிகளை அதற்கேற்ப எடுத்துவருவார்.

இடத்தில் நிழல், உட்கார பெஞ்சு, குடிதண்ணீர், பால் கொடுக்க ஒரு மறைவு. வெயிலில் வரிசையில் நின்ற குழந்தை ஊசிக்கு முன்பே அழத் தொடங்கும். அதைப் பார்த்து அடுத்தது அழும்.

மருந்துப் பெட்டியைத் தன்னார்வலர் திறக்கக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் குளிர் குறையும். உறைந்துபோனாலும் பென்டா கெட்டுவிடும். அதனால்தான் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே வைக்காமல், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு அடுக்குகிறார்கள்.

பி.சி.ஜி., தட்டம்மை ரூபெல்லா குப்பிகளைக் கரைத்த பின் 4 மணி நேரம்தான் ஆயுள். இதனால் புதிய செவிலியர்கள் செய்யும் தவறு ஒன்று: ஒரே ஒரு குழந்தை வந்திருக்கிறது, குப்பியை உடைத்தால் மிச்சம் வீணாகும் என்று "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. வீணாகும் மருந்துக்குக் கணக்கு எழுதலாம். கூலியை விட்டு வந்து திரும்பிப்போன தாய் மறுபடி வருவாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

8. ஊசிக்குப் பின் அரை மணி நேரம்

30 நிமிடம் உட்காரவைப்பது சம்பிரதாயம் அல்ல. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அப்போது மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த அரை மணியில் நாலு விஷயம் சொல்லி முடிக்க வேண்டும்: இன்று என்ன போட்டோம், எதற்கு; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எந்தத் தேதி; அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவருவது. சொன்னதைத் தாயைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் எது காதில் விழவில்லை என்பது தெரியும்.

காய்ச்சலும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கும். பாராசிட்டமால் அளவு எடைக்கேற்ப, செவிலியர் எழுதிக்கொடுத்தபடி. ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சொட்டு மருந்துக்குப் பின் தாய்ப்பால் கொடுக்கலாம். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துக் கட்டியாகி, புண்ணாகி, தானாக ஆறும். அதுதான் தழும்பாக நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டியைப் பிதுக்கிவிடுவார்கள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, மூச்சுத் திணறல், குழந்தை துவண்டுபோவது, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது: காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை, 108. தன்னார்வலர் காதில் இப்படி ஒன்று விழுந்தால் மறைக்காமல் அந்த நிமிடமே செவிலியருக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் மறுநாள் ஊரே தனக்குத் தோன்றியபடி ஒரு கதை சொல்லும்.

9. வதந்தியை ஆள் பார்த்து எடுங்கள்

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோக்களை இந்த வேலையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் செய்த தவறு, குழுவிலேயே பதில் போட்டுச் சண்டை பிடித்தது. பார்க்காதவர்களும் அந்த ஆடியோவைத் தேடிக் கேட்டார்கள். அதன் பிறகு, அனுப்பியவர் வீட்டுக்கு நேரில் போய்விடுவேன். நேரில் பேசும்போது பெரும்பாலானவர்கள், "எனக்கு வந்துச்சு, நான் அனுப்பிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பேச்சு வதந்திகூட இல்லை, பெயர்க் குழப்பம். "ஊசி போட்டும் எம் புள்ளைக்கு அம்மை வந்துச்சே" என்பார்கள். கேட்டுப்பார்த்தால் வந்தது நீர்க் கொப்புளத்தோடு வரும் சின்னம்மை. நாம் போடுவது தட்டம்மைக்கு, மணல்வாரி என்று ஊரில் சொல்வதற்கு. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் இல்லை. "அம்மை ஊசி" என்று பொதுவாகச் சொல்லி வைத்தது நாம்தான். ஆகவே "மணல்வாரி ஊசி" என்றே சொல்லுங்கள். வேப்பிலை கட்டிய வீட்டில் அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மாரியாத்தாளுக்கும் நமக்கும் சண்டை இல்லை.

10. ஒன்றரை வயது ஊசியைத் தனி நோட்டில்

9 மாத ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும், அட்டை பீரோவின் அடியில் போயிருக்கும். ஆனால் 9 மாதத்தில் போடும் முதல் தவணையில் 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்குத் தட்டம்மை எதிர்ப்பு உருவாவதில்லை. இரண்டாம் தவணை அவர்களையும் பிடிப்பதற்கு. அதனால் 9 மாத ஊசி போட்ட அன்றே, 16 மாதம் நிறையும் மாதத்தின் பக்கத்தில் அந்தக் குழந்தையின் பெயரை எழுதிவிடுங்கள்.

வட்டம் போட்ட பெயர்கள் ஊர் மாறும்போது, போகும் ஊரின் செவிலியருக்கு நீங்களே போன் செய்து பெயர், தாய் பெயர், பிக்மி எண், அடுத்த தேதி நான்கையும் சொல்லுங்கள். தாயிடம் அந்தச் செவிலியரின் எண்ணை அட்டையின் பின்புறம் எழுதிக்கொடுங்கள். அந்தப் புதன் மாலை மறுபடி கூப்பிட்டு, "குழந்தை வந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டு, வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் உங்கள் நோட்டில் பெயரை அடிக்க வேண்டும்.